தேசிய ஓபரா: செக் மக்கள் பட்ட பாடு

கேள்வி இதுதான்: மொழி மறுமலர்ச்சி நடக்கும் காலத்தில் ஒரு சமூகம் தனக்கென்று ஓபரா (பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகம்) வேண்டும் என்று கிளம்பினால் அது ஏன் பல பத்தாண்டுகள் இழுக்கிறது? நாட்டுப்பாடல் இருக்கிறது, பழங்கதை இருக்கிறது, இசை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். சேர்த்துக் கட்டினால் போதாதா?

போதாது. அப்படிச் சேர்த்துக் கட்டிய முயற்சிகள்தான் முதலில் காணாமல் போயின. இதைப் புரிந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டின் பொஹீமியாவை (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) போல நல்ல பாடம் வேறில்லை. 1826இல் முதல் செக் ஓபரா மேடையேறியது. 1883இல்தான் அதற்கென்று ஒரு வீடு நிலைத்தது. நடுவில் சிக்கல் எங்கெல்லாம் வந்தது என்று பார்த்தால், எல்லோரும் அதிகம் சண்டை போட்ட நாட்டுப்பாடல் விஷயம் அதில் மிகச் சிறியது. கட்டடம், பாடகர், பணம் எல்லாம் பெரிய தொல்லைகள். எல்லாவற்றுக்கும் மேலான தொல்லை, செக் சொல்லை எந்தத் தாளத் தட்டில் வைப்பது என்பது.

முதலில் நிலவரம். ப்ராக் நகரில் இசைக்குப் பஞ்சமே இல்லை. 1783இல் கட்டிய எஸ்டேட்ஸ் தியேட்டரில்தான் 1787இல் மோட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி' முதன்முதலாக அரங்கேறியது, இத்தாலிய மொழியில். வியன்னாவில் இருந்து ஆண்ட ஹப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சியில் அலுவலகம், உயர்கல்வி, நாகரிகமான வீட்டுப் பேச்சு எல்லாம் ஜெர்மன். செக் மொழி கிராமத்துக்கும் சமையலறைக்கும் உரியது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதே எஸ்டேட்ஸ் தியேட்டரில் செக் நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்தது ஞாயிறு, பண்டிகை நாட்களின் பிற்பகல் மட்டுமே. மாலை ஆனால் ஜெர்மன் குழுவுக்கு மேடையைக் காலி செய்துவிட வேண்டும்.

அந்த இடுக்கில்தான் ஃபிரான்டிஷெக் ஷ்குரோப்பின் 'டிராட்டெனீக்' 1826 பிப்ரவரி 2 அன்று மேடையேறியது. பானை சட்டிக்குக் கம்பி கட்டிப் பழுது பார்க்கும் ஊர்சுற்றித் தொழிலாளி ஒருவனைச் சுற்றிய கதை. பாடலுக்கு நடுவே வெறும் பேச்சு வசனம் வரும் ஜெர்மன் ஸிங்ஷ்பீல் பாணி. மக்கள் கொண்டாடினார்கள். ஊக்கம் பெற்ற ஷ்குரோப் பழங்கதைகளில் இருந்து இன்னும் இரண்டு ஓபரா எழுதினார், இரண்டும் நிற்கவில்லை. அவரிடம் நின்றது ஒரே ஒரு பாட்டு. 1834இல் ஒரு நாடகத்துக்கு அவர் மெட்டமைத்த 'என் தாயகம் எங்கே' இன்றைய செக் தேசிய கீதம். மனிதரின் பிழைப்பு என்ன ஆனது? எஸ்டேட்ஸ் தியேட்டரில் இசை நடத்துநராக இருந்து, 1850களில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களை ப்ராகுக்கு அறிமுகப்படுத்தி, 1857இல் வேலை இழந்து, கடைசியில் ராட்டர்டாமில் ஒரு ஜெர்மன் ஓபராக் குழுவை நடத்திக்கொண்டிருந்தபோது 1862இல் இறந்தார். தேசிய கீதம் தந்தவருக்கே சொந்த மொழியில் தொடர்ந்து வேலை இல்லை என்றால், ஓபரா எப்படி வளரும்? ஓபராவுக்குத் தினசரி வேலை வேண்டும். கோரஸும் வாத்தியக் குழுவும் தினம் உட்கார்ந்து பழகாமல் வருவதில்லை. ஞாயிறு பிற்பகலில் அது நடக்காது.

அதனால்தான் கட்டடம் முதல் கோரிக்கை ஆனது. வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி முன்னின்ற குழு 1850இல் அமைந்தது; 1852இல் வல்தாவா ஆற்றங்கரையில் இடம் வாங்கினார்கள். உடனே அரசியல் இறுகியது. 1848 புரட்சிக்குப் பிந்தைய அடக்குமுறைக் காலம் அது, வசூல் படுத்துவிட்டது. 1860இல் பேரரசர் அரசியல் பிடியைத் தளர்த்திய பிறகு இரண்டு தரப்பு உருவானது. பெரிய தேசிய அரங்கைக் கட்டும் வரை காத்திருப்போம் என்றது ஒன்று. இப்போதே சின்னதாக ஏதாவது கட்டித் தொடங்குவோம் என்றது மற்றொன்று. இரண்டாம் தரப்பு வென்றது. அதே இடத்தின் ஒரு மூலையில் 'தற்காலிக அரங்கு' எழும்பி 1862 நவம்பர் 18 அன்று திறந்தது. செக் மொழியில் தினமும் நிகழ்ச்சி நடத்த முடிந்தது அப்போதுதான் முதல் முறை. என் கணிப்பில் இந்த ஒரு முடிவு இல்லாமல் மீதி எதுவும் நடந்திருக்காது.

ஆனால் அந்த அரங்கு சின்னது, நிஜமாகவே சின்னது. வாத்தியக் குழுவில் சுமார் 35 பேர்தான். வியோலா வாசித்தவர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய இசையமைப்பாளர் ஆன இளைஞர் அன்டோனின் த்வோர்ஷாக். 1871 வரை அங்கே சம்பளத்துக்கு வாசித்தார். பித்தளைக் கருவிகளை முழுவதுமாக எழுதியிருக்கும் பெரிய ஓபராவைக் கையளவு வயலின்களோடு வாசித்தால் தந்தியின் ஒலி அமுங்கிப்போகும். பாடகர் கத்த வேண்டியிருக்கும். மேடையில் ஆள் நிற்கவும் இடமில்லை. 1864இல் செய்தித்தாளில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மேதனா இதைக் கிண்டலடித்தே எழுதினார்: இரண்டு படைகள் மோதும் காட்சியில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர்கூடத் தேறுவதில்லை, திரும்பினால் பக்கத்து ஆள்மேல் இடித்துவிடுவோமோ என்று ஒவ்வொருவரும் பயந்துகொண்டு நிற்கிறார்கள் என்று. நிகழ்ச்சி நிரலும் பெரும்பாலும் மொழிபெயர்த்த இத்தாலிய, பிரெஞ்சு, ஜெர்மன் ஓபராக்கள்தான். தினமும் கதவு திறந்திருக்க வேண்டும், சொந்தச் சரக்கோ கையில் இல்லை.

சொந்தச் சரக்குக்கு வழி செய்யத்தான் கோமான் யான் ஹராக் 1861இல் போட்டி அறிவித்தார். இரண்டு ஓபரா, தலா 600 கில்டன் (அன்றைய நாணயம்) பரிசு. ஒன்று செக் அரச வரலாற்றில் இருந்து, மற்றது மக்கள் வாழ்க்கையைக் காட்டும் நகைச்சுவை. நாட்டுப்பாடல்களை ஊன்றிப் படித்துப் பயன்படுத்துங்கள் என்ற பரிந்துரையும் நிபந்தனைகளோடு வந்தது. ஸ்வீடனின் கோட்டன்பர்க் நகரில் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்த ஸ்மேதனா அந்த ஆண்டே நாடு திரும்பினார்.

நாட்டுப்பாடல் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. அரங்கு நிர்வாகத்தில் செல்வாக்குள்ள அரசியல் தலைவர் ரீகெர், செக் ஓபரா என்றால் அதில் நாட்டுப்பாடல்கள் ஒலிக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் கிடைப்பது ஓபரா அல்ல, துண்டுப் பாட்டுகளின் கதம்பம் என்று ஸ்மேதனா மறுத்தார். காரணம் தொழில் சார்ந்தது. நாட்டுப்பாடல் தன்னிலே முடிந்த வடிவம். நான்கு வரியில் தொடங்கி, சுற்றி வந்து, அடங்கிவிடும். நாடகத்துக்கோ மனம் மாறுகிற இடத்தில் இசையும் மாற வேண்டும். பேரம் பேசும் இருவரில் ஒருவன் நடுவில் சந்தேகப்பட்டால், மெட்டு தன் கடைசி வரியை முடிக்கும் வரை அவன் காத்திருக்க முடியாது. மெட்டை உடைத்தால் அது நாட்டுப்பாடலாக இருக்காது; உடைக்காவிட்டால் நாடகம் நின்றுவிடும்.

ஸ்மேதனாவின் போட்டி ஓபரா 'பொஹீமியாவில் பிராண்டன்பர்க்கியர்' 1866 ஜனவரி 5 அன்று அரங்கேறியது. அப்போதைய இசை நடத்துநர் மாயர் அதைத் தொட மறுத்ததால் ஸ்மேதனாவே நடத்தினார். மக்கள் வரவேற்பைப் பார்த்த பிறகுதான் நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். அதே ஆண்டு மாயரின் இடமும் ஸ்மேதனாவுக்கு வந்தது. இன்று அந்த ஓபரா எப்போதாவது கேட்கக் கிடைக்கும். கூட்டக் காட்சிகள் அருமை, கதை தள்ளாடும்.

இரண்டாவதாக வந்ததுதான் 'விற்கப்பட்ட மணப்பெண்'. கல்யாணத் தரகனிடம் முந்நூறு கில்டனுக்குத் தன் காதலியை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திடும் யெனீக், அவள் மீகா என்பவரின் மகனைத்தான் மணக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கிறான். அந்த மகன் தானேதான் என்பது தரகனுக்குத் தெரியாது. எல்லோரும் இதைத் தொடக்கத்திலிருந்தே வெற்றி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1866 மே 30 அன்று முதல் காட்சி. வெயில், விடுமுறை, பிரஷ்யாவோடு போர் எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற பதற்றம். அரங்கில் ஆள் குறைவு. இரண்டு காட்சியோடு நிறுத்தினார்கள்.

அதன்பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டிய பகுதி. முதல் வடிவம் இரண்டு அங்கம், பாட்டுகளுக்கு நடுவே பேச்சு வசனம். 1869 ஜனவரியில் பீர் குடிப்போர் கோரஸ் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் மூன்று அங்கமாகப் பிரிந்தது. ஃபூரியன்ட் நடனமும் கழைக்கூத்தாடிகளின் ஸ்கோச்னா நடனமும் உள்ளே வந்தன. பேச்சு வசனத்தை எல்லாம் இசையோடு சொல்லும் வசனமாக மாற்றிய கடைசி வடிவம் 1870 செப்டம்பர் 25 அன்று வந்தது. இன்று 'செக் தன்மை' என்று நாம் ரசிக்கும் நடனங்களில் பெரும்பாலானவை முதல் காட்சியில் கிடையாது. நான்கு ஆண்டு, பல வடிவம். இந்தத் திருத்தம் சாத்தியமானது, கையருகே ஓர் அரங்கும் நிரந்தரக் குழுவும் இருந்ததால். காகிதத்தில் திருத்தி இப்படி ஒரு படைப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த நடனங்களிலும் நேரடி நாட்டுப்பாடல் என்று அடையாளம் காட்டக்கூடியது ஃபூரியன்ட்டில் வரும் ஒரு மெட்டுதான். மற்றதெல்லாம் ஸ்மேதனாவே போட்டது. அவர் எடுத்துக்கொண்டது மெட்டை அல்ல, நடையை. ஃபூரியன்ட் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் எழுதப்படும். ஆனால் அழுத்தம் முதலில் 2+2+2 என்று விழுந்து, பிறகுதான் 3+3 என்று தாளத்தோடு சேரும். கை தட்டிப் பார்த்தால் உடனே பிடிபடும். நம் லய வித்வான்கள் இதைக் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். நடை கிடைத்துவிட்டால் எத்தனை புது மெட்டு வேண்டுமானாலும் அந்த மண்ணின் வாசனையோடு போடலாம். நாடகத்துக்குத் தேவையான இடத்தில் வளைக்கவும் செய்யலாம்.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருவோம்: சொல். ஓபராவுக்கான பாட்டு–வசனப் பிரதியை லிப்ரெட்டோ என்பார்கள். செக் மொழியில் அதை எழுதத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். ஸ்மேதனாவின் முதல் இரண்டு ஓபராவுக்கும் எழுதியவர் காரெல் சபீனா. பழைய புரட்சிக்காரர், சிறை கண்டவர். 1872இல் அவர் காவல்துறைக்குத் துப்புச் சொல்பவர் என்று அம்பலமாகி, நாடே அவரை ஒதுக்கியது. அடுத்த இரண்டு ஓபராவான 'தலிபோர்', 'லிபுஷே' இரண்டின் மூலமும் ஜெர்மன்! யோசெஃப் வென்ஸிக் ஜெர்மனில் எழுத, எர்வின் ஷ்பிண்ட்லர் செக்கில் பெயர்த்தார், மூலத்தின் யாப்பை ஒட்டியே.

அதில்தான் வம்பு. செக் மொழியில் சொல்லின் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். தமிழைப் போலவே குறில், நெடில் வேறுபாடும் உண்டு. ஆனால் நெடில் எங்கே வந்தாலும் அழுத்தம் முதல் அசையை விட்டு நகராது. ஓரசை முன்னிடைச்சொல் வந்தால் அழுத்தத்தை அது பிடுங்கிக்கொள்ளும். ஜெர்மனிலோ பெயர்ச்சொல்லுக்கு முன்னால், ஆங்கில 'the' மாதிரி, அழுத்தமில்லாத சுட்டுச்சொல் ஒன்று வந்து உட்காரும். வரியே தளர்ந்த அசையில் தொடங்கி இரண்டாம் அசையில் அழுந்தும். அதற்கு ஏற்ற இசை, தாளத்தின் முதல் தட்டுக்கு முன்பே எடுப்பு வைக்கும். செக்கில் அப்படிச் சுட்டுச்சொல் கிடையாது. அதே யாப்பில் செக் வரியை அடைத்தால் சொல்லின் முதல் அசை தட்டுக்கு முன்னால் நழுவி, இரண்டாம் அசை தட்டில் வந்து அடிபடும். கேட்பவருக்குச் சொல் புரியும், ஆனால் வெளியூர்க்காரன் பேசுவதுபோல் இருக்கும். தேசிய ஓபராவுக்கு இதைவிடப் பெரிய கேலி உண்டா?

இதற்குக் கைவசம் இருந்த மருந்துகள் மூன்று. வரியின் தொடக்கத்தில் ஓரசைச் சொல் ஒன்றை, 'ஆம்', 'ஓ', 'இதோ' என்பது மாதிரி, ஒட்டவைப்பது முதல் வழி. எளிது, ஆனால் பத்து வரிக்குள் சலித்துவிடும். யாப்பையே மாற்றி அழுத்த அசையில் தொடங்கும் வரிகளை எழுதுவது இரண்டாவது. இயல்பாக இருக்கும், ஆனால் எல்லா வரியும் தட்டிலேயே விழுந்தால் இசை அணிவகுப்பு நடை போடும். சொல்லின் நெடிலை நீண்ட ஸ்வரத்துக்கும் அழுத்தத்தைத் தட்டுக்கும் தனித்தனியே கொடுப்பது மூன்றாவது வழி. கடினமானது இதுதான், சரியானதும் இதுதான். ஏனென்றால் மொழியில் அவை தனித்தனியாகத்தான் இயங்குகின்றன.

ஸ்மேதனா படித்ததெல்லாம் ஜெர்மனில். எழுத்துச் செக்கை முப்பது வயதுக்கு மேல்தான் முறையாகப் பயின்றார். ஆரம்ப ஓபராக்களில் அழுத்தப் பிழை மலிந்து கிடப்பதில் வியப்பில்லை. கவிஞர் எலிஷ்கா கிராஸ்நோஹோர்ஸ்கா 1871இல் இசையில் செக் உச்சரிப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதி இதைக் கோட்பாடாகவே வைத்தார். ஸ்மேதனா கோபித்துக்கொள்ளவில்லை; பின்னர் அவரையே லிப்ரெட்டோ எழுத வைத்தார். 'முத்தம்' (1876), 'ரகசியம்' (1878), 'பேய்ச்சுவர்' (1882) மூன்றும் அவர் கைவண்ணம். 'தலிபோர்' ஒரு பாட்டும் 'முத்தம்' ஒரு பாட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பின்னதில் பேச்சு எவ்வளவு இலகுவாக இறங்குகிறது என்று காது சொல்லும்.

இந்த உருப்படியான விவாதம் ஒரு பக்கம் நடக்க, ஊர் முழுக்க வேறு சண்டை. 'தலிபோர்' 1868 மே 16 அன்று, தேசிய அரங்குக்கு அடிக்கல் நாட்டிய அதே நாளில் அரங்கேறியது. உடனே வாக்னரைக் காப்பியடிக்கிறார், ஜெர்மன்தனம் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. பாட்டு வாத்தியார் பிவோதா 1870இல் பத்திரிகையில் தாக்கினார். பின்னணியில் பழைய செக் கட்சி, இளம் செக் கட்சி அரசியல். ரீகெர் முன்னவர் பக்கம், ஸ்மேதனாவின் நண்பர்கள் பின்னவர் பக்கம். 1872 டிசம்பரில் ஸ்மேதனாவை நீக்கக் கோரி அரங்கின் 86 சந்தாதாரர்கள் கையெழுத்திட்டார்கள்; எதிர்ப்பு மனுவும் வந்தது, அவர் தப்பினார். வாக்னர் பாதிப்பு உண்மையில் எல்லோரையும் தொட்டிருந்தது. த்வோர்ஷாக்கின் 'அரசனும் கரிசுடுபவனும்' அந்தப் பாணியில் எழுதப்பட்டு, 1873இல் ஒத்திகையிலேயே பாட முடியாதது என்று திரும்பியது. அவர் அதைத் திருத்தவில்லை. அதே லிப்ரெட்டோவுக்கு ஒரு ஸ்வரம்கூட மிச்சம் வைக்காமல் முழு இசையையும் புதிதாக எழுதி 1874இல் மேடையேற்றினார்.

அந்த 1874 அக்டோபரில் ஸ்மேதனாவின் செவி முற்றாக அடைத்துப்போனது. அரங்கு ஆண்டுக்கு 1,200 கில்டன் தர ஒப்புக்கொண்டது, அவர் ஓபராக்களை மேடையேற்றும் உரிமைக்குப் பதிலாக. மேலே சொன்ன கிராஸ்நோஹோர்ஸ்கா ஓபராக்கள் மூன்றையும் ஒரு ஒலிகூடக் கேட்காமல்தான் எழுதினார்.

1872இலேயே முடித்திருந்த 'லிபுஷே'யைத் தேசிய அரங்கின் திறப்புக்காகப் பூட்டி வைத்திருந்தார். ப்ராக் நகரின் பெருமையை முன்கூட்டிச் சொல்லும் இளவரசியின் கதை. அதன் தீர்ப்புக் காட்சிக்கு ஆதாரம் 1818இல் 'கண்டெடுத்த' ஒரு பழஞ்சுவடி. அது போலி என்று 1886இல் மசாரிக் முதலான அறிஞர்கள் வாதிட்டு நிறுவினார்கள். மறுமலர்ச்சிக் காலங்களில் இந்தப் பொய்ப் பழமை ஆசை எங்கும் தலைகாட்டும். இசை பிழைத்தது, சுவடி பிழைக்கவில்லை. 1881 ஜூன் 11 அன்று பட்டத்து இளவரசர் ருடால்ஃப் வருகையை ஒட்டி அரங்கு அவசரமாகத் திறந்தது. ஆகஸ்ட் 12 அன்று, கூரையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து, செம்புக் குவிமாடமும் பார்வையாளர் கூடமும் போயின. 47 நாளில் பத்து லட்சம் கில்டன் வசூலானது. முதல் கட்டடக் கலைஞர் ஸீத்தெக் விலகிக்கொள்ள, அவர் சகா ஷுல்ட்ஸ் பொறுப்பேற்று, பழைய தற்காலிக அரங்கையும் பின்பகுதியாக உள்ளிழுத்து மேடையைப் பெரிதாக்கினார். 1883 நவம்பர் 18 அன்று 'லிபுஷே'யோடு மறுதிறப்பு. மேடை முகப்பின் மேல் 'நாடு தனக்குத்தானே' என்று பொறித்தார்கள்.

வெளியுலகம் கண்டுகொண்டது இன்னும் ஒன்பது ஆண்டு கழித்து. 1892இல் வியன்னாவில் நடந்த இசை–நாடகக் கண்காட்சிக்குத் தேசிய அரங்குக் குழு போனது. 'விற்கப்பட்ட மணப்பெண்' அங்கே அமர்க்களப்பட்டது. ஸ்மேதனா அதற்கு எட்டு ஆண்டு முன்பே இறந்துவிட்டார். உள்ளூரில் 1882இலேயே அது நூறாவது காட்சி கண்டிருந்தது. அப்போதும் அவர் அதை வெறும் விளையாட்டுப் பொருள் என்றுதான் சொன்னார். தனக்குப் பிடித்தவை 'தலிபோர்', 'லிபுஷே' மாதிரியான கனமான படைப்புகளே என்ற வீம்பு கடைசிவரை இருந்தது.

சொல் பிரச்சினையின் முடிவு வேறொருவர் கையில். மொராவியாக்காரர் (செக் நாட்டின் கிழக்குப் பகுதி) லியோஷ் யானாச்செக் யாப்பையே தூக்கி எறிந்து, ஓர் உரைநடை நாடகத்தைச் சுருக்கி அப்படியே இசையமைத்தார்: 'யெனூஃபா', பர்னோ நகரில் 1904 ஜனவரி 21. ஆனால் நாட்டின் ஓபராவுக்காகவே கட்டிய ப்ராக் தேசிய அரங்கு அதை 12 ஆண்டு ஏற்கவில்லை. அங்கு தலைமை வகித்த கொவார்ஷோவிட்ஸின் ஓபராவை ஒருகாலத்தில் யானாச்செக் விமர்சனத்தில் கிழித்திருந்தார். அதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. 1916இல் வாத்திய அமைப்பில் கொவார்ஷோவிட்ஸ் கைவைத்த பிறகே மேடை கிடைத்தது.

கேட்டுப் பார்க்க விரும்பினால் ஆண்டு வரிசையில் போக வேண்டாம். 'விற்கப்பட்ட மணப்பெண்' முன்னிசையும் ஃபூரியன்ட்டும் முதலில். பிறகு அதே ஓபராவின் இரண்டாம் அங்கத்தில் யெனீக்கும் தரகனும் பேரம் பேசும் இருவர் பாட்டு. அதன்பின் 'முத்தம்' தாலாட்டுக் காட்சி, அதற்குப் பிறகு 'யெனூஃபா' இரண்டாம் அங்கம். 'லிபுஷே'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது நாடகத்தைவிட விழாவுக்கு நெருக்கம். அதன் தொடக்க எக்காள முழக்கம்தான் இன்றும் செக் குடியரசுத் தலைவர் வரும்போது ஒலிப்பது.